நீண்ட கைவண்டிக்குள் 36 பேர்: அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில – தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கும், தொல்லியல் கலைச்சொற்களை முடிவு செய்யும் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். மொழிபெயர்ப்பு நூல்களின் அச்சுப்படிகளை மூலத்தோடு வைத்து வரிவரியாக ஒத்துப் பார்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறுவர்களுக்கான உலக வரலாற்று நூல் ஒன்று மறுபதிப்புக்காக என் மேசைக்கு வந்தது. இங்கிலாந்தைப் பற்றிய பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "வெஸ்ட் கென்னட்டில் உள்ள நீண்ட கைவண்டிக்குள் குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன." வரிக்கு மேலே ஒரு படம். வயல்வெளிக்கு நடுவே புல் மூடிக் கிடக்கும் நீளமான மேடு, அதன் ஒரு முனையில் ஆளுயரத்துக்கும் மேலான கற்கள். வண்டியும் இல்லை, சக்கரமும் இல்லை.

மறுபதிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஆனால் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து பல வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. அதில் ஒரு படி என் அக்காள் வீட்டிலேயே இருந்தது. அக்காளின் மகள் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "இறந்துபோனவர்களை ஏன் மாமா வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்? இறக்கி வைக்க ஆளே இல்லையா?" அவள் கேட்டது சரியான கேள்வி. தவறு நாம் அவள் கையில் கொடுத்த வரியில் இருந்தது. 5,600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மக்கள்கூட்டம் தன் முன்னோருக்குக் கட்டிய இல்லம், தமிழில் கேட்பாரற்று நிற்கும் ஒரு வண்டியாகிவிட்டது.

அந்த வரியை மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையாண்ட அகராதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூலத்தில் இருந்த பேரோ (barrow) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே, ஒரே பத்தியில், ஒரே மூச்சில் கொடுத்திருந்தார்கள்: கைவண்டி, தள்ளுவண்டி, மண்மேடு, காயடித்த பன்றி. எண் இல்லை, துறைக்குறிப்பு இல்லை, எந்தப் பொருள் எங்கே வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் இல்லை. நான்கும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருந்தன. காற்புள்ளி போட்டால், இவையெல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்துப் பொருள்கள், எதை எடுத்தாலும் பெரிய பிழை வராது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவசரத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டார். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒலிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். இந்த மடல் முழுவதும் ‘பேரோ’ என்றே எழுதுகிறேன். சிலர் ‘பாரோ’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் நம் வாசகருக்கு எகிப்திய மன்னன்தான் முதலில் நினைவுக்கு வருவான். கல்லறையைப் பற்றிப் பேசும் பக்கத்தில், வேறு நாட்டில் வேறு வகைக் கல்லறையில் கிடக்கும் ஒருவனை இழுத்துக்கொண்டு வருவது பிழைக்கு மேல் பிழை. ஆகவே, தமிழ்ச்சொல் கொடுக்கச் சோம்பி ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்வதும் இங்கே தீர்வாகாது.

பேரோ ஒரு சொல் அன்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்து ஒரே சாவடியில் தங்கிய பல சொற்கள் அவை. நாளடைவில் எல்லாவற்றின் முகமும் ஒன்றுபோல் ஆகிவிட்டது.

இறந்தவர் மேல் குவித்த மேட்டைக் குறிக்கும் பேரோ, பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘பெயோர்க்’. குன்று, மேடு என்பது அதன் பொருள். மலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘பெர்க்’ அதற்கு உடன்பிறப்பு. கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க்கின் பின்பாதியும் அதுவே. இன்னும் பின்னால் போனால், உயர்ந்தது, ஓங்கியது என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரில் போய் முட்டும். வடமொழியின் ‘பிருகத்’ அதே வேரில் கிளைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் இறைவனைப் பிருகதீசுவரர் என்கிறோமே, அந்தப் பெயரின் முற்பகுதிக்கும் வெஸ்ட் கென்னட் இருக்கும் வில்ட்ஷயரின் புல்மேடுகளுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

சுமை தூக்கும் பேரோ வேறு. அது ‘பெயார்வெ’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. கூடை, சுமக்கும் சட்டம் என்று பொருள். சுமத்தலைக் குறிக்கும் ஆங்கில வினையோடு பிறந்தது. அந்த வினையின் வேரும் வடமொழியின் ‘பார’ என்பதன் வேரும் ஒன்றே. நாம் நாள்தோறும் சொல்லும் ‘பாரம்’ அந்த வழியாகத்தான் தமிழுக்கு வந்தது. ஆகவே மேட்டுப் பேரோவுக்கும் வண்டிப் பேரோவுக்கும் உள்ள இடைவெளி, பிருகதீசுவரருக்கும் பாரவண்டிக்கும் உள்ள இடைவெளி. இரண்டையும் ஒரு காற்புள்ளியால் கட்டிவைக்க முடியுமா?

காயடித்த ஆண் பன்றியைக் குறிக்கும் பேரோ மூன்றாவது சொல். பன்றிப் பண்ணையாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் பேரோ, தோப்பு என்ற பொருளுடைய நான்காவது சொல். இவை இரண்டையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தனித்தனி எண் போட்டு, பண்ணைத்தொழில், ஊர்ப்பெயர் என்று குறிப்புக் கொடுத்தாலே போதும்.

ஆனால் முதல் இரண்டையும் விட்டு அவ்வளவு எளிதாக நகர என் மனம் ஒப்பவில்லை. பாடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சுமத்தல் என்ற அதே வேரில் பிறந்தது. வண்டிப் பேரோவும் பாடையும் ஒருதாய் மக்கள். இறந்தவரைச் சுமந்து செல்லும் பொருளின் பெயர் ஒரு வேரிலிருந்தும், அவரை இறக்கிவைத்து மேலே குவிக்கும் மண்ணின் பெயர் இன்னொரு வேரிலிருந்தும் வந்து, கடைசியில் மேட்டின் பெயர் பாடையின் உடன்பிறப்பான வண்டிப் பேரோவோடு ஒரே ஒலியாகிவிட்டது. சொற்களை வைத்துப் பிழைப்பவன் நான்; ஆனாலும் இதை முதன்முதலில் அறிந்த அன்று வேலையை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வேறு மொழியின் இலக்கணத்திடம் போய் நிற்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. உரையாசிரியர்கள் ‘மா’வை எடுத்துக்காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம், ஐயமே இல்லை. மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா? வினை அங்கே கைகொடுக்காது. வேறு குறிப்பு வேண்டும். பேரோவையும் இப்படிப் பாருங்கள். பேரோவை அகழ்ந்தார்கள் என்றால் மேடு. பேரோவைத் தள்ளினார்கள் என்றால் வண்டி. பேரோ தீனி தின்றது என்றால் பன்றி. ஆனால் ‘பேரோவைச் சுற்றி நின்றார்கள்’, ‘பேரோவுக்குள் எலும்புகள் கிடைத்தன’ என்ற தொடர்களில் வினை எதையும் பிரித்துக் காட்டாது. என் அக்காள் மகளின் புத்தகத்தில் பிழை நேர்ந்ததும் சரியாக இந்த இடத்தில்தான். அகராதி துணைக்கு வரவேண்டியதும் இந்த இடத்தில்தான். வினையால் வேறுபடாத இடங்களுக்கு என்றே ஓர் எடுத்துக்காட்டுத் தொடரை அகராதிப் பதிவில் சேருங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

நம் நிகண்டு ஆசிரியர்களும் இதன் அருமையை உணர்ந்திருந்தார்கள். ஒருசொல் பல்பொருளுக்கென்றே பதினோராம் தொகுதியை ஒதுக்கினார்கள். சூடாமணி நிகண்டின் அந்தத் தொகுதியைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வடிவம் ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களுக்குத் தலையில் சிறிய எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக வைத்தது. தமிழ்ச்சொல்லுக்கு நாம் காட்டிய இந்த மரியாதையை ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது ஏன் கைவிடுகிறோம்?

இப்போது மேட்டுக்கு வருகிறேன். என் வேண்டுகோளின் உயிர் இதில்தான் இருக்கிறது.

வெஸ்ட் கென்னட் மேடு ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். கி.மு. 3650 அளவில் எழுப்பப்பட்டது. கிழக்கு முனையில் பெருங்கற்களால் ஆன ஐந்து அறைகள். உள்ளே 12 மீட்டர் ஆழம் வரைதான் அறைகளும் நடைவழியும் போகின்றன. மீதியெல்லாம் வெறும் மேடு. சில எலும்புகளுக்காக அத்தனை நீளத்துக்கு மண்ணும் சுண்ணப்பாறைக் கல்லும் குவித்திருக்கிறார்கள். 1859இலும் பிறகு 1955–56இலும் அகழ்ந்தார்கள். உள்ளே இருந்த எலும்புகள் ஆள் ஆளாகக் கிடக்கவில்லை; கலைத்து, பிரித்து, அடுக்கியிருந்தார்கள். சில மண்டையோடுகளும் கைகால்களின் நீண்ட எலும்புகளும் காணப்படவில்லை. இறந்தவர்களிடம் உயிரோடிருந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து போயிருக்கிறார்கள் என்று அதைக் கொண்டு சொல்கிறார்கள். கடைசியில் நடைவழியை மண்ணால் நிரப்பி, வாசலில் பெருங்கற்களை நிறுத்தி அடைத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் ‘மண்மேடு’ என்று மட்டும் சொன்னால் போதுமா? சாலை போடக் கொட்டிய மண்ணும் மண்மேடுதானே.

நீண்ட பேரோக்கள் புதிய கற்காலத்தவை. வெண்கலக் காலத்தில் வட்ட பேரோக்கள் வந்தன. கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் ஒன்று, மணிபோல் ஒன்று, தட்டுபோல் ஒன்று, சிறுதட்டுபோல் ஒன்று என்று வடிவத்தை வைத்தே அவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் அருகே உள்ள புஷ் பேரோவை 1808இல் வில்லியம் கன்னிங்டன் அகழ்ந்தபோது, ஓர் ஆணின் எலும்புக்கூடும் அதன் மார்பின் மேல் சாய்சதுர வடிவத் தங்கத் தகடும் கிடைத்தன. அந்தத் தகட்டின் மேல் கீறப்பட்டிருக்கும் கோடுகள் அவ்வளவு நுட்பமானவை. இன்று அது டிவைசிஸில் உள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ‘புதர் வண்டி’ என்று இதை மொழிபெயர்த்த ஒரு கைப்பிரதியையும் நான் திருத்தியிருக்கிறேன்.

இந்த மேட்டுக்கு ‘ஈமமேடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஈமம் என்றால் பிணம் சுடும் விறகடுக்கு அல்லவா, புதைப்பதற்கு அது பொருந்துமா என்று கேட்பீர்கள். பூதப்பாண்டியன் மனைவி பாடிய புறநானூற்று 246ஆம் பாடலில் ஈமம் விறகடுக்குதான். ஆனால் 256ஆம் பாடலில் ‘ஈமத் தாழி’ வருகிறது. அங்கே அது உடலை வைத்துப் புதைக்கும் தாழி. சுடுவதற்கும் புதைப்பதற்கும் அந்தச் சொல் சங்க காலத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. வட்ட பேரோக்களில் புதைத்த உடல்களும் கிடைத்திருக்கின்றன, எரித்த எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டையும் அடக்கும் சொல் நமக்கு வேண்டும். ‘புதைமேடு’ பாதியைத்தான் சொல்கிறது. நீண்டதற்கு நெடு ஈமமேடு, வட்டத்துக்கு வட்ட ஈமமேடு.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் இடறுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. வட்ட பேரோ வகைகளில் ‘குள பேரோ’ என்று ஒன்று உண்டு. அது மேடே அன்று. சுற்றிலும் சிறு கரை எழுப்பிய ஆழமில்லாப் பள்ளம். ஆங்கிலத்தில் மேட்டைக் குறிக்கும் சொல்லையே பள்ளத்துக்கும் நீட்டிவிட்டார்கள். தமிழில் அதற்கு ஈமப்பள்ளம் என்று தனிச்சொல் கொடுத்து, இது பேரோ வகையில் சேர்க்கப்படுவது என்று பதிவில் ஒரு வரி எழுதிவிடலாம். ஆங்கிலத்தின் இடறலை நாமும் இடற வேண்டியதில்லை.

ஈமமேடு என்று சொன்னவுடன் ‘பதுக்கை இருக்கிறதே, அது பழஞ்சொல் ஆயிற்றே’ என்று தமிழறிந்தவர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். பதுக்கையை நானும் மிக விரும்புகிறேன். ஆனால் அது கல்குவியல். புறநானூற்றின் 3ஆம் பாடலில் அம்பு பட்டு வீழ்ந்தவர்களின் மேல் குவித்த வம்பப் பதுக்கை, நீரற்ற சுரத்தில் வழியோரம் கிடக்கிறது. வழியில் செத்தவனுக்கு அங்கே கிடைத்த கல்லைக்கொண்டு செய்த மரியாதை அது. அதைப் பிரிட்டனின் கல்குவியல்களாகிய ‘கெய்ன்’ என்பவற்றுக்கு வைத்துக்கொள்வோம். மண் குவித்த மேட்டுக்கு ஈமமேடு. பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்ததற்குக் கல்திட்டை. உடலையோ எலும்பையோ வைத்துப் புதைத்த பெரும்பானைக்குத் தாழி. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று ஐந்து வகையாகப் பிரித்து நிறுத்துகிறது. இத்தனை நுட்பமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மொழியில், அயல்நாட்டான் சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் மட்டும் ‘மண்மேடு, கைவண்டி’ என்று எழுதி நகர்வது நமக்குப் பெருமை சேர்க்காது.

இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியின் ஈமச்சின்னங்களைப் பார்த்து எழுதிய ஆங்கிலேய அதிகாரிகள், தங்கள் ஊரில் பழகிய கெய்ன், பேரோ, குரோம்லெக் என்ற பெயர்களையே நம் மலையின் மேலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பழைய குறிப்புகளை இன்று தமிழில் கொண்டுவர முயல்பவர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் ஒரு ‘பேரோ’ அகழப்பட்டது என்ற வரி வந்தால், உங்கள் அகராதி அவர் கையில் எதைக் கொடுக்கும்? கைவண்டியைக் கொடுத்தால் நம் முன்னோரின் கல்லறையே நம் மொழியில் காணாமல் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ‘பேரோ’ என்ற மேட்டுச்சொல் பொதுவழக்கில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஊர்ப்பெயர்களிலும் தென்மேற்குப் பகுதி மக்களின் பேச்சிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்துதான் தொல்லியலாளர்கள் அதை எடுத்துத் தங்கள் கலைச்சொல்லாக்கினார்கள். உழவர் வாயில் இருந்த சொல்லை அவர்கள் தாழ்வாக நினைக்கவில்லை. நம்மிடமும் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைந்த அந்த மேட்டுநிலத்தைப் பரம்பு என்கிறார்கள். முதுமக்கள் தாழியை மக்கள் மதமதக்கத் தாழி என்றும் சொல்கிறார்கள். கல்திட்டைகளை வாலியர் வீடு என்பவர்கள் உண்டு. கலைச்சொல் குழுக் கூட்டங்களில் வடமொழி வேரையும் இலத்தீன் வேரையும் தேடும் நேரத்தில் ஒரு பகுதியை இந்தச் சொற்களுக்கும் ஒதுக்குங்கள்.

அதே இங்கிலாந்தில் சில வட்டாரங்களில் இத்தகைய மேடுகளின் பெயர்கள் ‘லோ’ என்று முடியும். டேப்லோ என்பது ஒன்று. அந்த ‘லோ’வும் மேடு என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்தான். அதைத் ‘தாழ்வு’ என்று மொழிபெயர்த்துவிடாமல் காக்கவும் ஒரு குறிப்பு வேண்டும்.

வண்டிக்கு வருகிறேன். இங்கேயும் ‘கைவண்டி’ என்ற ஒற்றைச் சொல் போதவில்லை. முதன்முதலில் பேரோவுக்குச் சக்கரமே கிடையாது. இரண்டு நீண்ட கொம்புகளுக்கு நடுவே பலகைகளை அடித்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிச் செல்வது அது. கல், எரு, மீன் எல்லாம் அதில் போயின. பிற்காலத்தில் முன்னால் இருந்தவரின் இடத்தில் ஒரு சக்கரத்தை வைத்தார்கள். ஒற்றைச் சக்கர வண்டி பிறந்தது. லண்டன் தெருக்களில் காய்கனி விற்றவர்கள் தள்ளிய பேரோ பெரும்பாலும் இரண்டு சக்கரம் உடையது. ஆகவே சக்கரம் இல்லாததற்கு இருவர் தூக்குப்பலகை, ஒன்று உடையதற்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, தெருவில் விற்பவருடையதற்குத் தள்ளுவண்டி என்று பிரித்துக் கொடுத்தால் மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்க்காமலேயே சரியாக எழுதிவிடுவார்.

ஒற்றைச் சக்கர வண்டி எளிய பொருள்தான். இருந்தாலும் அதன் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். முன்னால் சக்கரம், நடுவில் தொட்டி, பின்னால் இரண்டு பிடிகள், பிடிகளுக்குக் கீழே இரண்டு கால்கள். பிடியைத் தூக்கினால் கால்கள் தரையை விட்டு எழும். பாரத்தில் ஒரு பங்கைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைக் கை தாங்கும். பல ஆண்டு பயன்பட்ட வண்டியில் பிடிகளின் முனை மட்டும் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பாகிப் பளபளக்கும். தொட்டியின் அடியோ துருவும் சிமெண்டும் படிந்து சொரசொரப்பாக இருக்கும். இதற்கு மிகப் பழைய சான்றுகள் சீனாவில் கிடைத்திருக்கின்றன. சீன வண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும். பாரம் முழுவதும் அச்சின் மேல் இறங்கிவிடும், தள்ளுபவர் நேராகப் பிடித்துச் சென்றால் போதும். அந்தச் சான்றுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? ஹான் மரபினர் காலத்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில், சுவரோவியங்களிலும் செங்கற் புடைப்புகளிலும். வண்டிப் பேரோ வரலாற்றில் முகம் காட்டுவதே ஒரு கல்லறையின் உள்ளிருந்துதான்.

மேட்டை அகழ்ந்த இடத்துக்குப் போனால் இன்னொன்றையும் காணலாம். தோண்டி எடுத்த மண்ணை அள்ளிக் குவியலுக்குக் கொண்டுபோவது ஒற்றைச் சக்கர வண்டியில்தான். ஆங்கிலத்தில் எழுதினால் பேரோவிலிருந்து வந்த மண் பேரோவில் போகிறது. தமிழில் ஈமமேட்டு மண் வண்டியில் போகிறது. இந்தத் தெளிவு நமக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு. அதை அகராதியே கெடுக்கலாமா?

ஆள், ஊர், ஆறு ஆகியவற்றின் சிறப்புப்பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் லூகாசியன் கணிதப் பேராசிரியர் பதவியில் முதலில் இருந்தவர் ஐசக் பேரோ. 1669இல் அந்தப் பதவிக்கு நியூட்டன் வந்தார். அயர்லாந்தில் பேரோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. அலாஸ்காவின் வட முனையில் பேரோ என்று அழைக்கப்பட்ட நகரம், 2016இல் தன் பழைய பெயரான உட்கியாக்விக் என்பதற்குத் திரும்பியது. இவை எதையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று பதிவின் இறுதியில் ஒரு வரி சேருங்கள். இப்போது கணினியே மொழிபெயர்க்கிறது. நீங்கள் எழுதிவைக்கும் பட்டியல்களைத்தான் அதுவும் தின்று வளர்கிறது. அச்சுப்பிழையையாவது நான் உட்கார்ந்து திருத்துவேன். கணினி எழுதித் தள்ளுவதை யார் உட்கார்ந்து திருத்துவார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு ‘கலம்’ என்ற நம் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 256ஆம் பாடலில், கணவனை இழந்த ஒருத்தி ‘கலம் செய் கோவே’ என்று குயவனை அழைக்கிறாள். தன் கணவனுக்கு வனையும் ஈமத் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்துதரும்படி கேட்கிறாள். அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்ததற்கு அவள் சொல்லும் உவமை என்ன? அச்சுடைச் சாகாட்டின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வெண்பல்லி. வண்டிச் சக்கரம் உருண்டுகொண்டே போகிறது. ஆரக்காலில் ஒட்டிய பல்லி மேலும் கீழுமாகச் சுழன்று, விழாமல், வண்டி போகும் இடமெல்லாம் போகிறது. இத்தனை சிறிய பாட்டில் வண்டியும் இருக்கிறது, தாழியும் இருக்கிறது. ஆங்கிலம் தற்செயலாக ஒரே ஒலிக்குள் போட்டுவைத்த இரண்டையும், பெயர் தெரியாத அந்தப் புலவர் தெரிந்தே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சொல்லி வைத்தார்.

கலம் என்றால் பானையும்தான், மரக்கலமும்தான். ஆனால் கலம் ஒரே சொல். கொள்ளும் பொருள் என்ற ஒரு கருத்திலிருந்து பானைக்கும் கப்பலுக்கும் கிளைத்தது. 1939இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் சட்டன் ஹூ மேட்டைப் பேசில் பிரவுன் அகழ்ந்தபோது, உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றின் சுவடு கிடைத்தது. மரம் முழுவதும் மக்கிப் போயிருந்தது. மணலில் அதன் நிழல்போல் கறையும், வரிசை பிசகாத இரும்பு ஆணிகளும் மட்டும் எஞ்சியிருந்தன. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரையோ கப்பலோடு வைத்து மேலே மேடு குவித்திருக்கிறார்கள். அந்தக் கப்பலைத் தமிழில் ‘ஈமக்கலம்’ என்று எழுதினால் தாழியும் மரக்கலமும் ஒருசேர ஒலிக்கும். ஒரு சொல்லின் பல பொருளை இப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது அழகு. பல சொற்கள் ஓர் ஒலியில் மோதிக்கொண்டதைப் பிரித்துவைப்பது கடமை. கலத்தை ஒரே பதிவில் வையுங்கள்; பேரோவை நான்கு பதிவாகப் பிரியுங்கள்.

என் மேசையில் இப்போது இன்னொரு கைப்பிரதி இருக்கிறது. பிரிட்டனின் தொல்சின்னங்களைப் பற்றிய நூல். மொழிபெயர்த்தவர் இளைஞர், உழைப்பாளி. கிண்ண வடிவ ஈமமேட்டைக் ‘கிண்ண வண்டி’ என்று எழுதி, பக்கத்தில் தானே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அகராதியை நம்பியும் இருக்கிறார், நம்பாமலும் இருக்கிறார். அவருக்காக மேலே சொன்ன சொற்களை ஒரு தாளில் எழுதிப் பிரதியோடு இணைத்து அனுப்புகிறேன். அதே தாளின் மற்றொரு படியை உங்களுக்கும் அனுப்புகிறேன். ஈமமேடு என்ற சொல் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் இதைவிடப் பொருத்தமானதைச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு அதையே எழுதுகிறேன். நூல் அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்